எல்லாத்தையும் கூட்டினா அதே எண்தான் வருது, எப்படி?

1968ல மாஸ்கோவில நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாட்ல ஆறாவதா, அதாவது கடைசியா வந்த கணக்கு இது. பார்த்தா முடிவே இல்லாத கூட்டல், ஆனா தீர்வு நாலே வரி. ஃப்ளோர் ஃபங்ஷன் பழக வர்ற எல்லாருக்கும் முதல்ல இதைத்தான் காட்டணும்னு நான் சொல்வேன்.

ஃப்ளோர்னா ஒரு எண்ணை விட பெருசா இல்லாத முழு எண்கள்ல பெரியது எதுவோ அது. 17 வயசு 11 மாசம் ஆன பையன் கிட்ட வயசு கேட்டா 17னுதானே சொல்றான், அதேதான். மைனஸ்ல மட்டும் கவனமா இருங்க, மைனஸ் 2.3க்கு ஃப்ளோர் மைனஸ் 3, மைனஸ் 2 இல்ல. ⌊ ⌋ங்கிற இந்த குறி 1962ல கணினி விஞ்ஞானி கென்னத் ஐவர்சன் கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடி கணித மேதை காஸ் போட்ட சதுர அடைப்புக்குறிதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

சரி, கணக்கு. ஏதாவது ஒரு இயல் எண் எடுத்துக்கோங்க. அதோட 1 கூட்டி 2ஆல வகுங்க, 2 கூட்டி 4ஆல வகுங்க, 4 கூட்டி 8ஆல, 8 கூட்டி 16ஆல, இப்படியே போய்க்கிட்டே இருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஃப்ளோர் எடுத்து மொத்தமா கூட்டினா எவ்வளவு?

13ஐ போட்டுப் பாருங்க. 14/2 = 7. 15/4 = 3.75, ஃப்ளோர் 3. 17/8க்கு 2, 21/16க்கு 1, 29/32க்கு 0, அதுக்கப்புறம் எல்லாமே 0. கூட்டினா 7 + 3 + 2 + 1 = 13. போட்ட எண்ணே திரும்பி வந்துடுச்சு! வேற எந்த எண் போட்டாலும் இப்படித்தான்.

ஏன்னு பார்க்க ஒரு விஷயம் கண்ணுல படணும்: 2 கூட்டி 4ஆல வகுக்கிறதும், 4ஆல வகுத்துட்டு அரை கூட்டுறதும் ஒண்ணுதான், மத்த உறுப்புகளும் அப்படியே. அதாவது எல்லாமே ⌊எக்ஸ் + 1/2⌋ங்கிற வடிவம், எக்ஸ் இடத்துல நம்ம எண்ணை 2, 4, 8ன்னு வகுத்தது வரும். இதுக்கு ஒரு அழகான விதி இருக்கு:

⌊எக்ஸ் + 1/2⌋ = ⌊2 எக்ஸ்⌋ − ⌊எக்ஸ்⌋

நிரூபணம் ரெண்டே கேஸ். எக்ஸ்ஸோட பின்னப் பகுதி அரையை விட கம்மின்னா, அரை கூட்டினாலும் அடுத்த முழு எண்ணைத் தொடாது, ரெண்டு மடங்காக்கினா பின்னம் 1ஐ எட்டாது, அதனால ரெண்டு பக்கமும் ⌊எக்ஸ்⌋தான். அரையோ அதுக்கு மேலயோன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணு கூடும். அவ்வளவுதான்.

இப்ப 13ஐ பாதி பாதியா வெட்டி ஃப்ளோர் எடுத்துக்கிட்டே வாங்க: 13, 6, 3, 1, 0. அடுத்தடுத்த வித்தியாசம் 7, 3, 2, 1. விதியில இருக்கிற ⌊2 எக்ஸ்⌋ − ⌊எக்ஸ்⌋ இதுதானே, அதனால நம்ம கணக்கோட உறுப்புகளே இதுதான்! (13 − 6) + (6 − 3) + (3 − 1) + (1 − 0)ன்னு எழுதினா நடுவுல இருக்கிறதெல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு 13 மட்டும் நிக்குது.

எனக்கு இதை விட பிடிச்ச விளக்கம் இன்னொண்ணு. 1ல இருந்து 13 வரைக்கும் ஒற்றைப்படை எண்கள் 7. 2ஆல வகுபடும் ஆனா 4ஆல வகுபடாதுங்கிறது 2, 6, 10ன்னு 3 பேர். 4ஆல வகுபட்டு 8ஆல வகுபடாதது 4, 12. மிச்சம் 8 மட்டும். ஒவ்வொரு எண்ணும் சரியா ஒரே ஒரு குரூப்லதான் விழும், யாரும் விட்டுப்போகலை, யாரையும் ரெண்டு தடவை எண்ணலை, அப்புறம் மொத்தம் 13 வராம வேற என்ன வரும்.

2க்கு பதிலா 3 வச்சும் செய்யலாம், அதுக்கு ஹெர்மீட்ங்கிற கணித அறிஞரோட விதி வேணும்: ⌊எக்ஸ்⌋ + ⌊எக்ஸ் + 1/3⌋ + ⌊எக்ஸ் + 2/3⌋ = ⌊3 எக்ஸ்⌋. இந்த தடவை ஒவ்வொரு படியிலயும் 1/3 கூட்டினது, 2/3 கூட்டினதுன்னு ரெண்டு ரெண்டு உறுப்பு வரும், 13க்கு எக்ஸ் இடத்துல 13/3, 13/9, 13/27 போட்டா (4 + 5) + (1 + 2) + (0 + 1), திரும்பவும் 13. இதுல எந்த ஜோடி எந்த எண்களை எண்ணுதுன்னு ஒரு பேப்பர் எடுத்து எழுதிப் பாருங்க.