ஃபிளாஞ்ச்: தடுப்பு விளிம்பு

ரயில் சக்கரத்தின் உட்பக்க ஓரத்தில், தண்டவாளத்தின் மேல்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கி நிற்கும் வளையம்தான் ஃபிளாஞ்ச். உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். குழாய்களை இணைக்கும், போல்ட் துளைகள் கொண்ட வட்டத் தகட்டுக்கும் இதே பெயர். ஓரத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டுக்கும் பொது.

ஆங்கிலத்தில் இது 17ஆம் நூற்றாண்டுச் சொல். பக்கவாட்டைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எல்லா ரயில்பாதைகளிலும் இந்த உறுப்பு சக்கரத்தில் இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சில சுரங்கப் பாதைகளில் தண்டவாளமே ‘ட’ வடிவில் இருந்தது. வண்டி விலகாமல் காத்தது அதன் நிமிர்ந்த ஓரம். அந்த மூலையில் கல்லும் மண்ணும் சேர்ந்துவிடும். 1789 வாக்கில் வில்லியம் ஜெஸ்ஸாப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், விளிம்புள்ள சக்கரங்கள் ஓடுவதற்கான தண்டவாளத்தை வடிவமைத்தார்.

வளைவில் ரயிலைத் திருப்புவது இந்த விளிம்புதான் என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருப்பதால் சேர்ந்தேதான் சுழல முடியும். ஆனால் தண்டவாளங்களுக்கு இடையே 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில் ஒரு செங்கோணத் திருப்பத்துக்கு வெளிச்சக்கரம் ஏறக்குறைய 2.3 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. இதைச் சமாளிப்பது சக்கரத்தின் சரிவு. தண்டவாளத்தின் மேல் உருளும் ஓடுபரப்பு தட்டையாக இல்லாமல், வழக்கமாக 20க்கு 1 என்ற அளவில் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் அச்சு சற்று வெளியே நகர்கிறது. வெளிச்சக்கரம் பருத்த பகுதியிலும் உள்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருள்கின்றன. காகிதக் கோப்பையைப் படுக்கவைத்து உருட்டினால் தானே வட்டமடிக்குமே, அந்த வித்தைதான். ஒரு கிலோமீட்டர் ஆர வளைவுக்கு 7 மில்லிமீட்டர் அளவு நகர்ந்தால் போதும். வளைவு அதைவிட நெருக்கமானால் விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி தீர்ந்துபோய் விளிம்பு உரசும். அப்புறம்தான் அதற்கு வேலை.

சரி, தமிழில்? ‘விளிம்பு’ என்று மட்டும் சொன்னால் சக்கரத்தின் சுற்றுவட்டம் முழுவதையும் நினைப்பார்கள். அதற்கு ‘வட்டை’ என்ற பழைய சொல் இருக்கிறது. ஆனால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? வேலையையும் சேர்த்துத் ‘தடுப்பு விளிம்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குழாய்க்கு இது பொருந்தாது, அங்கே எதையும் தடுப்பதில்லை. ‘விளிம்புத் தட்டு’ போதும்.

நெருக்கமான வளைவுகளில் உரசி உரசி இந்த விளிம்பு மெலியும். அது ‘தடுப்பு விளிம்புத் தேய்மானம்’. அதைக் குறைக்க வெளித்தண்டவாளத்தின் உட்பக்கவாட்டில் கிரீஸ் பூசுவார்கள். மெலிந்த சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றித் திரும்ப உருவம் கொடுக்கும்போது, விளிம்பைத் தடிமனாக்க ஓடுபரப்பிலிருந்து நல்ல இரும்பைச் சீவ வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் விட்டம் குறையும்.