தழைச்சத்துப் பயன்திறன்: ஒரு சொல் விளக்கம்

காவிரிப் படுகையில் மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 75 கிலோ. பாதி உரத்தில் விளைகிறதே, அப்படியானால் பொன்னிதான் தழைச்சத்தைத் திறமையாகப் பயன்படுத்தும் ரகமா? இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால் 'தழைச்சத்துப் பயன்பாட்டுத் திறன்' என்ற சொல்லின் சிக்கல் முழுவதும் வெளியே வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் என்.யூ.இ. என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலில் தழைச்சத்து. நைட்ரஜன் என்ற பெயரை 1790-இல் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷப்தால். வெடியுப்பைப் பிறப்பிப்பது என்று பொருள். சிலர் ஆக்கிய 'வெடியம்' என்ற தமிழ்ச்சொல்லும் இந்தப் பொருளை ஒட்டியதுதான். அதே நாட்டு வேதியியலாளர் லவாய்சியேவோ இந்த வாயுவில் எந்த உயிரும் மூச்சுவிட்டுப் பிழைக்காது என்பதால் அசோட், உயிரற்றது, என்றார். பிரெஞ்சில் இன்றும் அதுதான் பெயர். அங்கே உயிரற்றதாகப் போனது நம் வயலில் பயிரைத் தழைக்க வைக்கும் சத்தாக இருக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) என்ன செய்கின்றன என்பதை வைத்துப் பெயர் பெற்றவை. சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்டும் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து. பொட்டாஷ் என்பதே சட்டிச் சாம்பல்தான், ஆகவே அந்தப் பெயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தழைச்சத்து அழகான சொல். வேதியியல் பாடத்தில் வைத்தால் பொருந்தாது, காற்றில் 78 விழுக்காடு தழைச்சத்து என்று யாரும் எழுதப்போவதில்லை. இலங்கைப் பாடநூல்களில் நைதரசன், இங்கே நைட்ரஜன்; அவை அங்கேயே இருக்கட்டும். பயிர் என்று வந்தால் தழைச்சத்துதான் சரி. ஒரு குறை உண்டு: இந்தச் சத்து தழையோடு நிற்பதில்லை. பால் பிடிக்கும் பருவத்தில் இலையில் சேர்ந்திருப்பதில் பெரும்பகுதி கதிருக்கு இறங்கி அரிசியின் புரதமாகிறது. பெயர் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

அடுத்தது திறன். இது இன்னும் வழுக்கும் சொல். இயற்பியலில் திறன் என்றால் வாட்டில் அளப்பது. வெப்ப இயந்திரப் பாடத்தில் நாம் படித்தது பயனுறுதிறன். இலங்கைத் தமிழில் வினைத்திறன். விளைதிறன் என்று வேறொன்றும் வைத்து இரண்டையும் குழப்பாமல் ஆளுகிறார்கள், அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். 'பயன்பாட்டுத் திறன்' என்று எழுதும்போது என் தயக்கம் வேறு: பயன்படுத்துவது யார், உழவரா பயிரா? யூரியாவை அளவாகப் போடுவது உழவரின் திறன். போட்டதை நெல்லாக மாற்றுவது பயிரின் திறன். பயிரைப் பற்றிப் பேசும்போது நான் 'பயன்திறன்' என்று சுருக்கிக்கொள்கிறேன்.

அதற்குள்ளும் இரண்டு இருக்கின்றன. 1982-இல் மோல், காம்ப்ராத், ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மக்காச்சோளத்தை வைத்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். மண்ணில் கிடைப்பதில் எவ்வளவை வேர் எடுக்கிறது என்பது ஒன்று. எடுத்ததில் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை கிலோ தானியம் என்பது மற்றொன்று. ஏற்புத்திறன், மணியாக்கத்திறன் என்று சொல்லலாம். இரண்டையும் பெருக்கினால் பயன்திறன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உரமே இடாத வயலில் ஒரு ரகம் எக்டேருக்கு 3,000 கிலோ, 100 கிலோ தழைச்சத்து இட்டால் 5,000 கிலோ. கூடியது 2,000, ஆக ஒரு கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ நெல். பயிருக்குள் போன சத்து 50 கிலோவிலிருந்து 90 ஆனது என்றால், இட்டதில் உள்ளே சேர்ந்தது 40 விழுக்காடு. அந்த 40 கிலோ 2,000 கிலோ நெல்லாயிற்று, கிலோவுக்கு 50. 0.4 பெருக்கல் 50, அதே 20.

இப்போது இன்னொரு ரகம். உரமில்லாமலே 4,000, அதே 100 கிலோவுக்கு அதே 5,000. கூடியது 1,000தான், ஆகவே கிலோவுக்கு 10. இந்த அளவுகோலில் முதல் ரகம் இரண்டு மடங்கு கெட்டி. ஆனால் 4,000 கிலோ போதும் என்கிற உழவருக்கு இரண்டாவது ரகத்தில் யூரியாச் செலவே கிடையாது! முதலாவது உரத்துக்கு எழும் ரகம். இரண்டாவது உரம் குறைந்தாலும் தாங்கும் ரகம். இரண்டையும் 'திறன்மிக்க ரகம்' என்ற ஒரே பெயரில் எழுதிவிடுகிறோம். எந்தத் திறன் என்று சொல்லாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

ஆசிய நெல்வயல்களில் இட்ட தழைச்சத்தில் பயிருக்குள் போவது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன், ஆகவே 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ. அதில் 6 முதல் 8 கிலோதான் நெற்பயிருக்கு. மிச்சத்தில் கொஞ்சம் மண்ணில் தங்கும். நிறைய அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்: நண்பகலில் வயல்நீரில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, நீரின் காரத்தன்மை ஏறி அம்மோனியா கிளம்புகிறது. வயல் காய்ந்து நனையும்போது உருவாகும் நைட்ரேட், கீழே இறங்கியோ நுண்ணுயிர்களால் வாயுவாக மாறியோ தொலைகிறது. இந்த ஒழுகலைக் குறைக்கத்தான் 2015 முதல் இந்தியாவில் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாயிற்று. பூச்சால் மிஞ்சுவது பயிரின் திறனில் சேராது.

பயிரின் பங்குக்கு, ரகத்துக்கு ரகம் வேறுபாடு மரபணுவிலேயே இருக்கிறது. நெல்லின் இரு பெரும் வகைகளில் இண்டிகா, ஜப்பானிகாவைவிட நைட்ரேட்டை நன்றாக எடுப்பதற்கு என்.ஆர்.டி.1.1பி மரபணுவில் உள்ள சிறு மாற்றம் ஒரு காரணம் என்று சீன ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்களைப் பற்றி 2018-இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. குட்டையாக்கிய அதே மாற்றம் அந்த ரகங்களின் தழைச்சத்து எடுக்கும் வேகத்தையும் மட்டுப்படுத்தியிருக்கிறது. சாயாது என்பதால் உரத்தைக் கொட்டலாம்; சரியாக எடுக்காது என்பதால் கொட்டவும் வேண்டியிருந்தது.

பொன்னிக்குத் திரும்புவோம். அது உயரமான பயிர். தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு, கதிர் பாரத்தில் படுத்துவிடும். பரிந்துரை பாதியானது இதனால்தான். இலையின் பச்சையை ஒப்பிட எண்ணிட்ட பச்சை நிறங்கள் கொண்ட இலை வண்ண அட்டையை வைத்து மேலுரம் இடும்போதும் மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண் பச்சைக்குக் குறைந்தால் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் குறைந்தால்தான். பல்கலைக்கழகமும் அதைத் திறன்மிக்க ரகம் என்று எழுதவில்லை. அது வைத்திருக்கும் வகைப்பெயரைத் தமிழில் சொன்னால், தழைச்சத்துக்குக் குறைவாக எழும் ரகம்.