ஸ்டார்ட் ஆகுறது கிடக்கட்டும், உங்க பைக் நிக்குதா?

நேத்து பின்னேரம் இன்னொன்னு வந்து இறங்குச்சு. சிடி 125 பைக், சிவப்பு பெயின்ட் பளபளன்னு, சீட் புதுசு, மட்காட் குரோம்ல மூஞ்சி தெரியுது, ஆனா ஹேண்டில் ஒரு பக்கம் கோணி, டேங்க் ஒரு பக்கம் நசுங்கி, செயின் கவருக்குள்ள தேயிலை இலை. ஓட்டின தம்பிக்கு காறை எலும்பு முறிஞ்சி ஆஸ்பத்திரியில. இந்த வருஷத்துல எங்க கராஜுக்கு இப்பிடி வந்தது இது மூணாவது, அதான் கோவத்துல எழுதுறேன், மன்னிச்சுக்கங்க.

அந்த பைக் அவனோட மாமாவோடது, 9 வருஷமா லயத்து இஸ்தோப்புல சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து பழைய பைக்குக்கெல்லாம் தங்க விலை, 2025ல திரும்ப திறந்துவிட்டாலும் புதுசு வாங்க நம்ம ஆளுங்க எத்தன பேருக்கு ஏலும், அதனால கிடக்கிறதை தூசி தட்டி எடுக்கிறது எனக்கு விளங்குது, நல்ல வேலைதான், நானும் அப்பிடித்தான் தொழில் பழகினேன். தம்பி நாலு மாசமா வீடியோ பாத்து பாத்து செஞ்சிருக்கான். காபரேட்டருக்கு மட்டும் எனக்கு ஏழெட்டு தடவை கோல் எடுத்தான். பிரேக்கைப் பத்தி ஒரு தடவையும் கேக்கல. நானா கேட்டப்ப, "அது நல்லா பிடிக்குது அண்ணே, நட்டை இறுக்கிட்டேன்"ன்னான்.

இந்த ஒரு வார்த்தை இருக்கே, "நட்டை இறுக்கிட்டேன்", இதைக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்குது.

பின் வீல் நடுவுல பிரேக் இருக்கிற உருளை, அதான் டிரம், அதுக்குப் போற கம்பியோட நுனியில ஒரு நட் இருக்குல்ல, அது, உள்ள ஷூங்கிற வளைஞ்ச துண்டு மேல இருக்கிற லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டை) தேய தேய கொஞ்சம் கொஞ்சமா இறுக்கத்தான் வச்சிருக்கு, பிரேக்கை புதுசாக்க இல்ல. மரை முடியிற வரைக்கும் நட் போயிருச்சின்னா உள்ள லைனிங் முடிஞ்சிருச்சின்னு பைக்கே உங்களுக்கு சொல்லுது. அதுக்கு மேல ஒரு கள்ள வேலை இருக்கு, பழைய பைக் வாங்கிறவங்க கட்டாயம் தெரிஞ்சிக்கணும். கம்பி இழுக்கிற அந்த சின்ன கை, பிரேக் ஆம்னு சொல்லுவோம், அதைக் கழட்டி, அது மாட்டியிருக்கிற பல்லுல ஒண்ணு ரெண்டு தள்ளி பின்னுக்கு மாட்டிருவாங்க, நட்டுக்கு திரும்ப இறுக்க இடம் கிடைச்சிரும், பெடலை மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும், வாங்குறவன் ஆஹான்னு காசை எண்ணிக் குடுத்துட்டு போயிருவான். உள்ள ஷூவை விரிக்கிற கேம் கிட்டத்தட்ட குறுக்கால திரும்பி நிக்கும், அது மிஞ்சி புரண்டா ஷூ விரிஞ்சபடியே இறுகிக்கும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பாருங்க, பிரேக் ஆமும் கம்பியும் கிட்டத்தட்ட 'ட' எழுத்து மாதிரி நேர் மூலையா நிக்கணும், அதைத் தாண்டி சாஞ்சிருந்தா யாரோ விளையாடியிருக்காங்க. நிறைய மொடல்ல தட்டுல ஒரு அம்புக்குறியும் இருக்கும், கேம் எவ்வளவு திரும்பியிருக்குன்னு காட்ட, அது இல்லாம இருந்தாலும் சந்தேகப்படுங்க.

வீட்டு வாசல்ல தள்ளிப் பாத்து பிடிக்குதுன்னு சொல்றதும் இதே கதைதான். தள்ளுற வேகத்துல செருப்பைத் தேச்சா கூட பைக் நிக்கும். ஹட்டன்ல இருந்து வட்டவளை, கினிகத்தேனைன்னு இறங்கிப் பாருங்க, ரெண்டு பேரு, பின்னாடி அரிசி மூட்டை ஒண்ணு, மழை வேற. டிரம் சூடாகி கை வைக்க ஏலாம இருக்கும்.

தம்பியோட டிரம்மை நேத்து கழட்டினேன். பிரேக் ஆம் ரெண்டு பல்லு தள்ளித்தான் இருந்துச்சு, மாமாவுக்கு முந்தி யாரோ செஞ்சது. ஆனா அவனை விழுத்தினது அது இல்ல. லைனிங்ல ஒரு துண்டு ஷூவை விட்டு அப்பிடியே கழண்டு டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவுல சொருகிக் கிடந்துச்சு. வீல் பூட்டிக்கிச்சு, பைக் வழுக்கி ரோட்டோர கானைத் தாண்டி தேயிலைக்குள்ள. கழண்ட இடத்துல ஷூ மேல வெள்ளையா உப்பு மாதிரி பூத்திருந்துச்சு. லைனிங்கை பசை போட்டு ஒட்டித்தான் வச்சிருக்காங்க, நம்ம ஊரு ஈரத்துல வருஷக்கணக்கா நின்னா ஷூவோட அலுமினியம் அடியில பூத்து லைனிங்கைத் தூக்கிரும். மேலால பாத்தா தடிப்பு நல்லாத்தான் இருக்கும். ஓரத்துல நகத்தை வச்சு நெம்புங்க, நகம் போச்சுன்னா அந்த ஷூ குப்பைக்கு. நகம் போகலன்னாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல நின்ன பைக்னா ஷூ மாத்துங்க, நான் சொன்னேன்னே மாத்துங்க. ஒரு செட் ஷூ விலை நீங்க குரோமுக்கு குடுத்ததுல கால்வாசி கூட வராது. பாவிச்ச பைக்ல லைனிங் 2 மில்லிமீட்டருக்கு கீழ வந்தா பேச்சே இல்ல.

கழட்டுறப்ப அந்த கறுப்பு தூசியை வாயால ஊதாதீங்க, பழைய லைனிங்ல கல்நார், அதான் அஸ்பெஸ்டஸ், இருந்திருக்கும், ஈரத் துணியால துடைங்க. கிரீஸ் கேம்ல ஒரு சொட்டு போதும். சத்தம் வருதுன்னு ஸ்ப்ரே எண்ணெயை டிரம்முக்குள்ள அடிச்சிட்டு வந்த ஒருத்தர் இருக்கார், பேர் சொல்லல, அவர் இதை வாசிப்பார்.

டிஸ்க் பிரேக் உள்ளவங்க பிரேக் ஒயிலை மாத்துங்க. அது தண்ணியை உறிஞ்சும். டொட் 4ங்கிற வகை புதுசா 230 பாகைக்கு மேலதான் கொதிக்கும், தண்ணி குடிச்ச பிறகு 155க்கு வந்திரும், இறக்கத்துல லீவர் பஞ்சு மாதிரி போறது அதனாலதான். முன் டிரம் பிரேக் கேபிள்ல லீவர் பக்கத்து நுனியைப் பாருங்க, ஒரு இழை அறுந்திருந்தாலும் புதுசு. டயர்ல நாலு இலக்கம் இருக்கும், 1409ன்னா 2009ல 14ஆவது வாரம் செஞ்சது, டயர் பூ தேயாம நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க, ரப்பர் செத்திருக்கும். டேங்க் ஓட்டையை வெல்டிங் அடிக்க நினைக்கவே வேணாம், காலியா இருந்தாலும் உள்ள உள்ள ஆவி போதும் வெடிக்க. குசினி அடுப்புக்கு பக்கத்துல பெட்ரோல்ல சாமான் கழுவுறவங்களுக்கு என்னத்த சொல்ல.

இறக்கத்துல என்ஜினை நிப்பாட்டி நியூட்ரல்ல விடுறதை தயவுசெஞ்சு விட்டுருங்க, ஏறின கியர்லயே இறங்குங்க. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி பஸ் விபத்துல 2023 ஜனவரியில 7 பேர் செத்த பிறகாவது இறக்கம்னா ஒரு பயம் வரும்னு நினைச்சேன், அடுத்த மாசமே அதே ரோட்டுல கட் ஓஃப் பண்ணி இறங்கின ரெண்டு பேரைப் பாத்தேன், பின்னாடி சின்னப் பிள்ளை வேற.

வீட்ல செய்றதை நான் வேணாம்னு சொல்லல. பெயின்ட், சீட், வயரிங் எல்லாம் நீங்களே செய்யுங்க. ரெண்டு வீலை மட்டும் கழட்டி பஸ்ல போட்டு கொண்டு வாங்க, போயாவைத் தவிர எந்த நாளும் இருப்பேன், பாக்கிறதுக்கு காசு எடுக்க மாட்டேன். டிரம்மை சுத்தம் பண்ணிட்டு கொண்டு வராதீங்க, இருக்கிற மாதிரியே கொண்டு வாங்க, அந்த தூசியைப் பாத்துதான் எனக்கு பாதி விஷயம் விளங்கும்.