பள்ளியில் இரண்டு மொழி, வீட்டில் மூன்றாவது: ஜெர்மனிக்கு வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

"மேடம், வீட்டுல தமிழ் பேசறதை நிறுத்திடலாமா?"

பெர்லினில் பேச்சு மொழிப் பயிற்சியாளராக, அதாவது பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவராக இருக்கிறேன். ஐ.டி. வேலைக்காகச் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ குடும்பத்தோடு வந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நிறுத்த வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த யோசனையை அவர்களுக்குச் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்: பக்கத்து வீட்டுக்காரர், மழலையர் பள்ளி ஆசிரியை, சில நேரம் ஊரிலிருந்து அழைக்கும் மாமாவே.

பெர்லினில் அரசே நடத்தும் இருமொழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஐரோப்பாப் பள்ளிகள் என்பார்கள், 1992-இல் தொடங்கிய திட்டம். ஜெர்மனோடு ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், துருக்கி என ஏதாவது ஒரு மொழி சேரும். வகுப்பில் பாதிப் பேர் ஜெர்மன் பேசும் வீட்டுப் பிள்ளைகளாகவும் மீதிப் பேர் அந்த இன்னொரு மொழிக்காரர்களாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பாடங்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கட்டணம் இல்லை. அருமையான ஏற்பாடு, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் அந்த இரண்டில் ஒரு மொழியை வீட்டிலிருந்தே திடமாகக் கொண்டுவரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த ஏற்பாடு நிற்கிறது.

நம் பிள்ளைகள் அப்படியா வருகிறார்கள்? விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறோம். பிள்ளைக்கு நிறங்கள் தெரியும், ரைம்ஸ் தெரியும், மிஸ்ஸிடம் பாத்ரூம் போக அனுமதி கேட்கத் தெரியும். ஆனால் பாட்டி வீட்டுக் கிணற்றில் பந்து விழுந்ததையும் அதை எடுக்கப் போய்ச் சித்தப்பா வாங்கிக் கட்டிக்கொண்டதையும் முதலிலிருந்து கடைசிவரை தமிழில் மட்டும்தான் சொல்லத் தெரியும். அந்தப் பிள்ளைதான் வகுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழுவில் உட்கார்கிறது, லண்டனிலிருந்து வந்த பிள்ளைக்குப் பக்கத்தில்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஆறு வயதுப் பையன், இருமொழிப் பள்ளியில் முதல் வகுப்பு, அரையாண்டு ஆகியும் வகுப்பில் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசிப் பாருங்கள் என்று யாரோ சொல்ல, அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் மாறிவிட்டார்கள். இருவரும் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கூட்டம் நடத்துகிறவர்கள்தான், ஆனால் மகனோடு பேசும் ஆங்கிலம் "ஃபினிஷ் யுவர் ஃபுட்", "பிரஷ் யுவர் டீத்" என்ற உத்தரவுகளோடு நின்றுபோனது. கதை, கிண்டல், வம்பு, சாப்பாட்டு நேரத்து வளவளப்பு எல்லாம் போயே போச்சு. என்னிடம் வந்தபோது படம் பார்த்துக் கதை சொல்லச் சொன்னேன். தமிழில்கூட யோசித்து யோசித்துத்தான் பேசினான், நடுநடுவே அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு, தமிழில் பேசலாமா கூடாதா என்று.

காரணம், சம்பவம், விளைவு, "அவன் என்ன நினைச்சிருப்பான்" என்பது, இதையெல்லாம் பிள்ளை ஏதாவது ஒரு மொழியில் ஆழமாகப் பழகியிருந்தால் இன்னொரு மொழிக்கு அது தானாக வந்து சேரும். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1970-களின் கடைசியிலிருந்தே இதைத்தான் சொல்லிவருகிறார். அவர் இன்னொன்றும் சொன்னார்: விளையாட்டு மைதானப் பேச்சு ஓரிரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி சகமாணவர்கள் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். பேச்சு சரளமாகிவிட்டதே என்று நிம்மதியடையும் பெற்றோர் மூன்றாம் வகுப்பில் கணக்கு வாக்கியம் புரியாமல் பிள்ளை திணறும்போது அதிர்ச்சியடைவது இதனால்தான்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் தமிழ் திரும்ப வந்தது, தாத்தாவோடு வீடியோ கால் தினசரி ஆனது. கூடவே உள்ளூர்க் கால்பந்து கிளப்பில் சேர்த்தார்கள். கோடை விடுமுறைக்கு முன்பே வகுப்பில் பேச ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் எதிர்பார்த்த ஆங்கிலத்தில் இல்லை, ஜெர்மனில்! என் பயிற்சியைவிடக் கால்பந்துக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

அதற்காக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று மொழிப் பிள்ளை, லேட்டாகத்தான் பேசும் என்று சொல்லிச் சொல்லியே உண்மையான பிரச்சினையைக் கவனிக்காமல் விட்ட குடும்பங்களும் வருகின்றன. இரண்டு வயதில் எல்லா மொழியையும் சேர்த்து ஐம்பது சொல்கூட இல்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு மேல் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: சிக்கல் எல்லா மொழியிலும் இருக்கிறதா? தமிழில் நன்றாகப் பேசி ஜெர்மனில் தடுமாறினால் அது பழக்கக் குறைவு. தமிழிலும் வாக்கியம் உடைந்தால், வீட்டாருக்கே பேச்சு புரியவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். பறவைக்கான ஜெர்மன் சொல்லான "ஃபோகல்" என்பதை "போகல்" என்று சொல்வது தமிழ் நாக்கின் பழக்கம், குறைபாடில்லை. நாலு வயதில் "பழம்" "பளம்" ஆனாலும் கவலை வேண்டாம், நம்மில் எத்தனை பெரியவர்களுக்கு ழகரம் வருகிறது?

வீட்டில் கலகலப்பாகப் பேசும் பிள்ளை பள்ளியில் மாதக்கணக்கில் மௌனமாக இருந்தால் அது வேறு விஷயம். புதுமொழிக்குப் பழகும் ஆரம்ப மௌனம் இயல்புதான், ஆனால் அது நீண்டுகொண்டே போனாலோ தமிழ் தெரிந்த வெளியாட்களிடமும் பேச மறுத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேலை மாற்றலையும் யோசியுங்கள். பெர்லினில் தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு, பவேரியாவில் நான்குதான். மியூனிக்குக்கு மாறினால் நான்காம் வகுப்பிலேயே ஜெர்மன், கணிதம், சமூக-அறிவியல் பாடம் மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால்தான் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்படுத்தும் மேல்நிலைப் பள்ளியான கிம்னாசியத்துக்கு நேரடிப் பரிந்துரை (இங்கே 1-தான் சிறந்த மதிப்பெண்). அங்கே ஆங்கிலம் கணக்கில் வராது. ஆகவே இருமொழிப் பள்ளியில் படித்தாலும் ஜெர்மனுக்குப் பள்ளிக்கு வெளியே இடம் வேண்டும்: கிளப், நூலகம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். நீங்கள் பி1 நிலை (நடுத்தர அளவு) ஜெர்மனில் வீட்டில் பேசிக் காட்டுவதைவிட அது பயனுள்ளது.

எங்களிடம் வரக் குழந்தை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். அரசுக் காப்பீட்டில் 18 வயதுக்குக் கீழ் இணைக்கட்டணம் (நம் கையிலிருந்து கட்டும் பங்கு) கிடையாது, ஆனால் ஜெர்மன் வராததற்கு மட்டும் சீட்டு தர மாட்டார்கள். அதற்குப் பள்ளியின் மொழி ஊக்க வகுப்பைக் கேளுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம், இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். தமிழ்ப் பேச்சை அளக்க ஜெர்மன் பயிற்சியாளர்களிடம் தரப்படுத்திய சோதனை இருக்காது, எனவே பிள்ளை வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தமிழில் பேசுவதைச் சில நிமிடம் போனில் பதிவு செய்து, என்ன சொல்கிறது என்று கீழே எழுதி எடுத்துப் போங்கள்.