மலிவான ரிவேர்ப் பெடலில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

எலக்ட்ரிக் கிற்றார் வாசிக்கும் இளைஞர்கள் ரிவேர்ப் பெடல் (மீட்டிய சுரம் ஒரு மண்டபத்துக்குள் ஒலித்து மெல்ல அடங்குவது போலக் கேட்கச் செய்யும், காலால் இயக்கும் சிறு கருவி) வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, பெரும்பாலும் அதில் எத்தனை வகை ரிவேர்ப் இருக்க வேண்டும் என்பதுதான். வெள்ளவத்தையில் அம்ப்களையும் (கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டிகள்) பெடல்களையும் திருத்துவதும், மாலை நேரங்களில் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் ஒலியமைப்புச் செய்வதும் என் தொழில். பழுதாகி மேசைக்கு வரும் பெடலையும், அதே பெடல் மேடையில் ஒலிக்கும் விதத்தையும் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைப்பதால், வகைகளை எண்ணுகிற அந்தக் கேள்வி வாங்குபவரைத் தவறான இடத்தில் செலவழிக்க வைக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். பதினொரு வகை இருந்தாலும் மேடையில் கால் வைப்பது ஒன்றிலோ இரண்டிலோதான். கையில் உள்ள பணம் குறைவாக இருக்கும்போது பார்க்க வேண்டியவை வேறு: ரிவேர்ப் சேராத கிற்றாரின் நேர் ஒலியைப் பெடல் கெடுக்காமல் விடுகிறதா, குறுகிய ரிவேர்ப்பைத் தெளிவாகத் தருகிறதா, அதற்கு ஒழுங்கான மின்சாரம் கொடுக்கவும் பணம் மிஞ்சுகிறதா என்பவையே அவை.

குறுகிய ரிவேர்ப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நாம் வாசிக்கும் இடங்கள். கொழும்பில் திருமணங்களும் இசை நிகழ்ச்சிகளும் நடக்கும் மண்டபங்களில் பெரும்பாலானவை சீமெந்துச் சுவரும் தரை ஓடும் கொண்டவை. பழைய தேவாலயங்களுக்கோ உயர்ந்த கூரை. ஒலியை உறிஞ்சக்கூடிய திரையோ விரிப்போ அங்கு குறைவு. 30 பாகை வெப்பத்தில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்கிறது. மேடையிலிருந்து 20 மீற்றர் தள்ளிப் பின்சுவர் இருந்தால், நீங்கள் மீட்டிய சுரம் அந்தச் சுவரில் பட்டு 115 மில்லிசெக்கன் அளவில் உங்களிடமே திரும்பி வரும். பக்கச் சுவர்களிலிருந்து வருவது அதற்கும் முன்பே வந்து சேர்ந்திருக்கும். அதாவது, பெடலை இயக்குவதற்கு முன்னரே மண்டபம் தன் ரிவேர்ப்பைக் கொடுத்துவிடுகிறது. அதன் மேல் மூன்று நான்கு செக்கன் நீளும் இன்னொரு ரிவேர்ப்பை ஏற்றினால், ஒரு கோர்ட் (சேர்த்து மீட்டும் சுரங்கள்) அடங்குவதற்குள் அடுத்த கோர்ட் அதன் மேல் விழுகிறது.

இதை முறையாக அளந்து விளங்க வைத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொலஸ் சபீன். 1895இல் அங்கிருந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்று முறைப்பாடு வந்தபோது அதை ஆராயும் பணி அவரிடம் கொடுக்கப்பட்டது. பேசிய சொல் ஒன்று அந்த வெறும் மண்டபத்தில் அடங்க ஐந்தரை செக்கன் அளவு எடுத்ததை அவர் கண்டார். மெத்தை இருக்கைகளை உள்ளே கொண்டுவந்து அடுக்கி அந்த நேரம் குறைவதை அளந்தார்; மனித உடலும் அதே வேலையைச் செய்வதையும் காட்டினார். ஒலி 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரத்தையே இன்றும் ரிவேர்ப்பின் நீளமாகக் கணக்கிடுகிறோம். எங்களுக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு ஆளில்லாத மண்டபத்தில் சவுண்ட் செக் செய்யும்போது கேட்பதும், ஏழு மணிக்கு நாற்காலிகள் நிறைந்த பின் கேட்பதும் ஒன்றல்ல. ஆகவே, கலவை அளவையும் (நேர் ஒலியோடு எவ்வளவு ரிவேர்ப் சேர்கிறது என்பது) நீளத்தையும் தனித்தனியாக, குனிந்து ஒரு நொடியில் மாற்றக்கூடிய இரண்டு குமிழ்கள் உள்ள பெடல், ஒரே குமிழில் எல்லாவற்றையும் அடக்கிய பெடலைவிட இங்கு அதிகம் பயன்படும்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஒரு தம்பி, வீட்டில் ஹெட்போனில் கேட்டு மிக அழகாக அமைத்த நீண்ட ரிவேர்ப்புடன் வந்தார். பீடத்துக்கு முன்னால் வாசித்தபோது கிற்றார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதைவிடக் கவலையான விடயம், பாடலின் சொற்களும் அதற்குள் மூழ்கிப்போயின. நீளத்தைப் பாதியாக்கி, கலவையைக் குறைத்து, முன்தாமதத்தை 30 மில்லிசெக்கன் அளவில் வைத்தோம். முன்தாமதம் என்பது சுரம் ஒலித்த பிறகு ரிவேர்ப் தொடங்குவதற்கு விடும் சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் விரலின் தொடுகை தெளிவாகக் கேட்டுவிடும். பிறகு குரலும் கிற்றாரும் அதனதன் இடத்தில் நின்றன. மலிவான பெடல்கள் எல்லாவற்றிலும் முன்தாமதக் குமிழ் இருப்பதில்லை. தேவாலயத்தில் வாசிப்பவர் என்றால், ஷிம்மர் எனப்படும் மேல் எட்டாஞ் சுரம் கலந்த ரிவேர்ப்பைத் தேடுவதற்கு முன் முன்தாமதம் இருக்கிறதா என்று பாருங்கள். ரிவேர்ப்பின் கீழ்ச்சுரங்களைக் குறைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

வகைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருள்வில்லின் அதிர்வைக் கொண்டு உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவேர்ப் ஹமண்ட் ஓர்கன்களில் வளர்ந்து, 1961இல் ஃபெண்டர் தனிப் பெட்டியாக விற்றபோது கிற்றாருக்கு வந்தது. 1963இல் வந்த வைப்ரோவேர்ப் அம்பில் அது உள்ளேயே பொருத்தப்பட்டது. பிளேட் ரிவேர்ப்பின் மூலம் 1957இல் ஜேர்மனியில் வெளியான ஈஎம்டி 140. பெரிய உருக்குத் தகடு ஒன்றைத் தொங்கவிட்ட, 270 கிலோவுக்கு அண்மையான பாரமுள்ள கருவி அது. ஹோல் என்பது பெரிய மண்டபத்தைப் போலச் செய்வது. எதிரொலிக்கும் மண்டபத்துக்குள் செயற்கையாக இன்னொரு மண்டபத்தைச் சேர்ப்பதால் கிடைப்பது குறைவு. ஸ்பிரிங், பிளேட், சிறிய அறை ஆகிய மூன்றும் நன்றாக இருந்தால் நம் மேடைகளில் வரும் பெரும்பாலான பாடல்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. உங்கள் அம்பிலேயே ஸ்பிரிங் ரிவேர்ப் இருந்து அது வேலை செய்யாமல் போனதால் பெடல் வாங்க நினைக்கிறீர்கள் என்றால், முதலில் அம்பின் பின்பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அம்புக்கும் ஸ்பிரிங் பெட்டிக்கும் இடையிலுள்ள இரண்டு கேபிள்களில் ஒன்று கழன்றிருப்பதும், கடற்காற்றுப் படும் வீடுகளில் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய வயர் அரித்து அறுந்திருப்பதும் நான் அடிக்கடி காணும் பழுதுகள். அவற்றைத் திருத்தும் செலவு புதிய பெடலின் விலைக்குக் கிட்டவும் வராது.

மலிவான பெடல் என்றால் ஒலியும் தரம் குறைந்ததாக இருக்கும் என்ற அச்சம் இப்போது பெரிதாகத் தேவையில்லை. பொஸ் நிறுவனம் 1987இல் ஆர்வி-2ஐ வெளியிட்ட காலத்தில் டிஜிட்டல் ரிவேர்ப்பைக் காலடியில் வைப்பதே பெரிய காரியம். இன்று அந்த வேலையை ஒரு சிறிய சில்லு செய்கிறது. ஸ்பின் செமிகண்டக்டரின் எஃப்வி-1 என்ற சில்லு பல நிறுவனங்களின் பெடல்களுக்குள் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் உள்ள 32,768 ஹேர்ட்ஸ் படிகத்தைக் கொண்டே அதை இயக்கலாம் என்பதால் உற்பத்திச் செலவு குறைகிறது. வேறு சிலவற்றில் பெல்டன் நிறுவனத்தின் கறுப்பு நிறச் சிறு பெட்டி இருக்கும். அதற்குள் இருப்பவை கரோக்கே கருவிகளில் பயன்படும் பீடீ 2399 எதிரொலிச் சில்லுகள். அந்தப் படிகத்தின் வேகத்தில் எஃப்வி-1 தரக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் 16 கிலோஹேர்ட்ஸுக்குக் குறைவு. அதனால் குறை என்று நினைக்க வேண்டாம்: கிற்றார் அம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5 அல்லது 6 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தணிந்துவிடும். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய பிட் எண்ணுக்கும் கிலோஹேர்ட்ஸ் எண்ணுக்கும் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அம்ப் இல்லாமல் பெடலிலிருந்து நேரே மிக்ஸருக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இது சற்று மாறுபடும். அங்கே உயர் அதிர்வெண்களைத் தணிக்கும் கிற்றார் ஸ்பீக்கர் இல்லாததால் ரிவேர்ப்பின் கரகரப்பு அப்படியே வெளியே வரும். அவர்களுக்கு டோன் குமிழ் அவசியம்.

விலைக்கு ஏற்றபடி உண்மையில் வேறுபடுவது நேர் ஒலியைக் கையாளும் முறை. சில பெடல்களில் கிற்றாரின் ஒலி முழுவதும் டிஜிட்டலாக மாற்றப்பட்டு மீண்டும் அனலொக்காக வெளிவருகிறது. வேறு சிலவற்றில் நேர் ஒலி மாற்றமின்றி ஒரு பாதையில் செல்ல, ரிவேர்ப் மட்டும் பக்கத்திலிருந்து சேர்க்கப்படுகிறது. குறைந்த விலையில் இரண்டாவது முறையே பாதுகாப்பானது. கடையில் இதைக் காதால் சோதிக்கலாம். கலவைக் குமிழைப் பூச்சியத்தில் வைத்து, பெடலை மிதித்து மிதித்து விட்டுப் பாருங்கள். ஒலியின் உரப்பு இறங்கினாலோ, மேல்சுரங்கள் மங்கினாலோ, பின்னணியில் கீச்சென்ற மெல்லிய சத்தம் சேர்ந்தாலோ அந்தப் பெடலை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பெடலை நிறுத்தும்போது ரிவேர்ப்பின் வால் சட்டென்று அறுகிறதா, இயல்பாகத் தணிகிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். மெதுவான பாடலின் நடுவில் நிறுத்துபவருக்கு இயல்பாகத் தணிவதே வேண்டும்.

டிஸ்ரோர்ஷனை, அதாவது வேண்டுமென்றே சேர்க்கும் கரகரப்பை, பெடலிலிருந்து எடுப்பவர் ரிவேர்ப்பைப் பெடல் சங்கிலியின் கடைசியில் வைத்தால் போதும். அம்பின் கெய்ன் குமிழைத் திருகி அதிலிருந்தே டிஸ்ரோர்ஷன் எடுப்பவருக்கு அம்பின் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்குகள் தேவை; அவற்றின் வழியாகத்தான் ரிவேர்ப்பை டிஸ்ரோர்ஷனுக்குப் பின் சேர்க்க முடியும். அவை இல்லாத அம்பின் முன் எந்த விலையிலான ரிவேர்ப்பை வைத்தாலும் ரிவேர்ப்பே டிஸ்ரோர்ஷனுக்குள் நசுங்கிக் கலங்கும். பெடல் வாங்க வரும் முன் அம்பின் பின்பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வரச் சொல்வது இதற்காகத்தான். ஸ்டீரியோ வெளியீட்டைப் பற்றியும் பெரிதாக யோசிக்க வேண்டாம். நம் மண்டபங்களில் ஒலியமைப்புப் பெரும்பாலும் மோனோவாகவே ஓடுகிறது.

இனி மின்சாரம். என்னிடம் வரும் ரிவேர்ப் பெடல்களில் அதிகமானவை பெடலின் குறையால் வருவதில்லை, அடாப்டரால் வருகின்றன. கிற்றார் பெடல்களுக்குப் பொதுவான முறை 9 வோல்ட் நேரோட்டம், ஜாக்கின் நடுமுனை எதிர். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர். பல 12 வோல்ட். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகினால், காவலுக்கு வைத்த டையோடு முதலில் போகும். அது இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் ரெகுலேட்டரும், சில வேளைகளில் சில்லும் போகும். சில்லு போனால் மலிவான பெடலைத் திருத்துவதில் பொருளில்லை. புறக்கோட்டையில் விற்கும், வோல்ட்டைத் தெரிவு செய்யும் சுவிட்ச் வைத்த பழைய மின்மாற்றி அடாப்டர்களிலும் ஓர் ஆபத்து உண்டு: 9 என்று வைத்தாலும் சுமை குறைவாக இருக்கும்போது அவை 12 அல்லது 13 வோல்ட் வரை கொடுக்கும், அதோடு நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸ் இரைச்சலும் பெடலுக்குள் ஏறும்.

டிஜிட்டல் ரிவேர்ப் பல வேளைகளில் 100 மில்லிஅம்பியருக்கு அண்மையாக மின்னோட்டம் கேட்கும். 500 மில்லிஅம்பியர் மணி அளவு கொள்ளும் 9 வோல்ட் அல்கலைன் பற்றரி இதற்கு ஒரு நிகழ்ச்சிக்கே தட்டுத்தடுமாறும். சிறிய பெடல்களில் பற்றரிக்கு இடமே இருக்காது. ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் போட்டு டிஸ்ரோர்ஷனையும் ரிவேர்ப்பையும் ஓட்டினால் டிஜிட்டல் சத்தம் டிஸ்ரோர்ஷன் வழியாகப் பெருகிக் கேட்பதும் வழக்கம். ரிவேர்ப்புக்கு மட்டும் தனியான, சீராக்கிய 9 வோல்ட் அடாப்டர் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி நின்றுவிடும். அதன் விலையைப் பெடலின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காக: டீசீ எலக்ட்ரொனிக்கின் ஸ்கைசேர்ஃபரில் மூன்று வகையும் மூன்று குமிழும் உண்டு, நான் மேலே சொன்ன தேவைக்கு அது கிட்ட வருகிறது. பெரிஞ்சரின் டீஆர்600 பிளாஸ்ரிக் உடல் கொண்டது. வீட்டிலும் ஒத்திகையிலும் வாசிப்பவருக்கு அது தடையல்ல, வாரந்தோறும் மேடையில் மிதிப்பவர் யோசிக்க வேண்டும். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் ஹோலி கிரெய்ல் நனோ ஒரே குமிழோடு வருவது. அதன் எளிமையை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டு இணைய விலையைப் பார்த்து மலைப்பதோ மகிழ்வதோ வேண்டாம். அனுப்பும் செலவும் சுங்க வரியும், 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் சேர்ந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அந்தக் கணக்கு பலரைப் பாவித்த பெடல்களின் பக்கம் கொண்டுபோகிறது. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடலோரத்தில் இருந்த கருவி என்றால் அடித்தட்டைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜாக்கின் உட்புறத்திலும் ஈயப் பற்றுகளிலும் பச்சை பூத்திருக்கிறதா, குமிழைத் திருகும்போது கரகரக்கிறதா, மின் ஜாக்கை மெதுவாக அசைத்தால் பெடல் நின்று நின்று வருகிறதா என்று பாருங்கள். கரகரப்பைத் துப்புரவாக்கலாம், ஜாக்கை மாற்றலாம். பலகையில் செப்புக் கோடுகளே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

புதியதோ பாவித்ததோ, சோதிக்கப் போகும்போது உங்கள் கிற்றாரையும் உங்கள் அடாப்டரையும் கொண்டுபோங்கள். கடையின் அம்பில் உள்ள ரிவேர்ப்பை முதலில் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது சற்றே திறந்திருந்தாலும் எந்தப் பெடலும் அதன் உண்மையான தரத்தைவிட அழகாகக் கேட்கும். பிறகு நீங்கள் மேடையில் வாசிக்கும் ஒரு பாடலின் தாளத்தை, மேடையில் வைக்கும் உரப்புக்கு இயன்றவரை கிட்டவாக, நீளக் குமிழைக் காற்பங்குக்கு மேல் திருகாமல் முழுவதும் வாசித்துப் பாருங்கள்.