குளிர்காலத்தில் பூவாளியைச் சற்றுக் கீழே வையுங்கள்

சென்ற வாரம் ஒருவர் தம் எலுமிச்சைச் செடியைத் தொட்டியோடு சுமந்துகொண்டு வந்தார். இந்தக் குளிர்காலத்தில் இதே நிலையில் என் மேசைக்கு வந்து சேர்ந்த பதினொன்றாவது செடி அது. பாதி இலைகள் மஞ்சளித்திருந்தன. மீதி இலைகள் துவண்டு தொங்கின. “குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது ஐயா. வாடுகிறதே என்று நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன், உரமும் வைத்தேன்” என்றார். தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்ததும் அறை முழுவதும் சாக்கடை வாடை பரவியது. பழுப்பேறிய வேர் ஒன்றை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுத்தேன். அதன் மேல்தோல் உறையைப்போல் கழன்று என் விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல்போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சியது. விசாரித்தபோது, அந்தச் செடி பருவம் முழுவதும் வீட்டுக்குள், வெதுவெதுப்பான அறையில்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. குளிர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தாவர நோயியலைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், குளிர்காலத்தில் நான் காணும் தொட்டிச் செடிச் சாவுகளில் பெரும்பங்கு இப்படிப்பட்டவையே. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: செடி வாடினால் அதற்குத் தண்ணீர் வேண்டும் என்பது. எத்தனை முறை விளக்கினாலும் இது மட்டும் மாறுவதாக இல்லை என்பதால், இன்னொரு முறையும் சொல்கிறேன். ஒரு செடி இரண்டு காரணங்களால் வாடும். மண்ணில் தண்ணீர் இல்லாமல் வாடலாம். தண்ணீர் இருந்தும் அதைக் குடிக்க வேர் இல்லாமல் வாடலாம். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அனுபவமுள்ள கண்ணுக்கும் பல வேளைகளில் அப்படித்தான். வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. ஆனால் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பவர்களை நான் அரிதாகவே சந்திக்கிறேன். பூவாளியை எடுப்பவர்களைத்தான் நாள்தோறும் சந்திக்கிறேன்.

கோடையில் இரண்டு நாளில் ஒரு தொட்டித் தண்ணீரை உறிஞ்சித் தீர்த்த செடி, பகல் குறுகி, வெளிச்சம் மங்கி, வளர்ச்சி நின்றுபோன நாட்களில் அதே அளவு தண்ணீரைக் குடித்து முடிக்கப் பத்துப் பதினைந்து நாட்கள்கூட எடுத்துக்கொள்ளும். செடி தன் கணக்கை மாற்றிக்கொண்டுவிட்டது. நம் கை மட்டும் கோடைக் கணக்கிலேயே நிற்கிறது. வேருக்கும் மூச்சு உண்டு. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றறைகளை நீரே நிறைத்துக்கொண்டால் வேர் திணறும்; திணறும் வேரைத் தேடி வேரழுகல் கிருமிகள் வரும். இவற்றுள் ஒரு பேரினத்துக்கு 1876ஆம் ஆண்டில் ஆன்டன் டி பாரி என்ற ஜெர்மானிய அறிஞர் ‘ஃபைட்டோப்தோரா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘தாவரத்தை அழிப்பது’ என்று பொருள். அவற்றின் வித்துகள் வாலசைத்து நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. ஆகவே, அழுகல் தொடங்கிய தொட்டியில் “பாவம், வாடுகிறதே” என்று மேலும் ஒரு குவளை ஊற்றுபவர், கிருமிக்குக் கால்வாய் வெட்டிக் கொடுக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வெளியில் வைத்த தொட்டியில் மண் மிகவும் குளிர்ந்திருக்கும்போது, வேர் நலமாக இருந்தாலும் மெதுவாகத்தான் உறிஞ்சும். அப்படிப்பட்ட காலையில் வெயில் பளிச்சென்று அடித்தால் இலை சற்றுத் தொய்ந்து, மாலைக்குள் தானாக நிமிர்ந்துவிடும். அதற்குள் அவசரப்பட்டு எதுவும் செய்யாதிருக்க வேண்டுகிறேன்.

செய்ய வேண்டியவை சிலவே. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் கிடையாது. தொட்டியைத் தூக்கி எடையைக் கையால் அறிந்துகொள்வது இன்னும் நல்ல பழக்கம். அடித்தட்டில் தேங்கிய நீரை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். மண்ணின் மேல் சிறு கருப்பு ஈக்கள் எழுந்து பறந்தால், மருந்து கேட்டு வருமுன் மண்ணைக் காயவிடுங்கள். அவை ஓயாத ஈரத்துக்கு வந்த விருந்தாளிகள். வளர்ச்சி நின்ற செடிக்கு உரம் வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உண்ணப்படாத உரம் உப்பாகத் தங்கி வேர்நுனிகளைக் கருக்கும். குளிர் வருமுன் வைத்த தழைச்சத்தோ இளந்தளிர்களைக் கிளப்பிவிட்டு, அவற்றை உறைபனிக்கு இரையாக்கும்.

இதைப் படித்துவிட்டுத் தண்ணீரை அடியோடு நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். எதிலும் எல்லைக்கே போவதில் நம்மவர்களுக்கு ஒரு தனி ஈடுபாடு. இறவாரத்துக்கு அடியில் மழை படாமல் நிற்கும் பசுமை மாறாச் செடிகள் குளிர்காற்றில் உண்மையாகவே காய்ந்து போகும். உறைபனி வரும் என்ற முன்னறிவிப்பு இருந்து, மண்ணும் காய்ந்திருந்தால், முதல்நாள் நண்பகலில் ஒருமுறை நீர் விடுவது நல்லது. ஈரமண் பகல் வெப்பத்தைக் காய்ந்த மண்ணைவிட அதிகமாகத் தாங்கி வைக்கும். இரவில் பழைய போர்வையோ சாக்கோ கொண்டு தரைவரை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால், தொட்ட இடம் கருகும்.

பனியில் கருகிய கிளைகளை உடனே கவாத்து செய்யக் கத்தரிக்கோலோடு நிற்பவர்களைத் தடுப்பது என் வேலையில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கருகிய நுனி அடியிலுள்ள மொட்டுகளுக்கு ஓரளவு போர்வையாக இருக்கிறது. மேலும், எது செத்தது, எது உறங்குகிறது என்பது வசந்தத் தளிர் வந்த பிறகே தெளிவாகும். பொறுக்க முடியாதவர்கள் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கலாம். பச்சை தெரிந்தால் கிளை உயிரோடு இருக்கிறது.

இந்த ஓய்வு நாட்களில் கை துறுதுறுத்தால் துப்புரவில் இறங்குங்கள். ஆப்பிள் மரத்தின் கீழ் உதிர்ந்த இலைகளில் அதன் சொறிநோய்ப் பூஞ்சை குளிரைக் கழிக்கிறது. தோண்டாமல் விட்ட உருளைக்கிழங்கில் பின்பருவக் கருகல் நோய் உயிரோடு காத்திருக்கிறது. இரண்டையும் அப்புறப்படுத்துங்கள். சேமித்த விதைகளில் பத்தை எண்ணி, ஈரத்தாளில் சுருட்டி, பாலித்தீன் உறையிலிட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தக்காளியாக இருந்தால் பத்து நாளில் விடை தெரியும். ஐந்துக்கும் குறைவாக முளைத்தால் புதிய விதை வாங்குங்கள். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினாலே நம்பத்தகாதது.

வசந்தத்துக்கான ஆயத்தத்தில் நான் காணும் கேடு அவசரம் ஒன்றுதான். முதல் வெயில் நாளன்று மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களிமண் பொம்மைபோல் அமுங்கினால் திரும்பிப் போய்விடுங்கள். அந்த ஈரத்தில் கொத்தி மிதித்த மண் செங்கல்லாக இறுகும், பருவம் முழுவதும் அதன் பலனை அனுபவிப்பீர்கள். காற்று வெதுவெதுப்பாவது ஒரு நாளில் நடக்கும். மண் வெதுவெதுப்பாக வாரங்கள் ஆகும். பட்டாணியும் பாலக்கீரையும் மண் 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் இருந்தாலே முளைக்கும். பீன்ஸ் விதைக்கு 15 டிகிரியாவது வேண்டும். வெண்டையும் வெள்ளரியும் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் ஒழுங்காக எழும்பும். குளிர்ந்த ஈரமண்ணில் போட்ட பீன்ஸ் விதை ஊறி அழுகிப் போக, “விதை போலி” என்று விற்றவரைத் திட்டுகிறார்கள். மண் வெப்பமானி ஒன்றைக் காலை வேளையில் நான்கைந்து நாள் தொடர்ந்து செருகிப் பார்த்தால் இந்த வாக்குவாதமே எழாது.

தக்காளியைக் கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பும், மிளகாயை எட்டு முதல் பத்து வாரம் முன்பும் வீட்டுக்குள் விதைத்தால் போதும். அதற்கும் முன்னதாக விதைத்தால் சன்னலோரத்தில் வெளிச்சத்துக்கு ஏங்கி நெட்டையாக நீண்ட நூல்களே கிடைக்கும். இங்கும் பூவாளியே முதல் எதிரி. நேற்று மாலை நிமிர்ந்து நின்ற நாற்றுகள் இன்று காலை மண்மட்டத்தில் கம்பிபோல் இளைத்துச் சாய்ந்து கிடந்தால், அது நாற்றழுகல். சாய்ந்த நாற்றுக்கு மருந்து கிடையாது. கழுவிய தட்டு, புதிய நடவுக்கலவை, அடியிலிருந்து ஈரம், மேலே காற்றோட்டம், நெருக்கமில்லாத விதைப்பு ஆகியவற்றைக் கடைப்பிடித்தால் அது பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாக வெயிலிலும் காற்றிலும் வைத்து நாற்றைக் கடினப்படுத்துங்கள். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகாத பிறகே தக்காளியை வெளியே நடுங்கள்.

எலுமிச்சைச் செடியின் அழுகிய வேர்களை வெட்டியெறிந்து, நல்ல வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்ததால், சிறிய தொட்டி ஒன்றில் வடிகால் நன்கமைந்த புதுக்கலவையில் வைத்து, மேல்மண் காயும்வரை தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பிழைக்கும் என்று உறுதி கூறவில்லை. நேற்று அவர் தொலைபேசியில் அழைத்து, “இன்னும் ஓர் இலை வாடியிருக்கிறது ஐயா, கொஞ்சமாகத் தண்ணீர் விடட்டுமா?” என்று கேட்டார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பதில் இல்லை.