சிஎஃப்எல் விளக்குகளுக்குக் கெடு: வீட்டில் இருப்பவற்றை என்ன செய்வது?

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விளக்கு என்று ஒரு காலத்தில் அரசுகளே முன்னின்று பரப்பிய சிஎஃப்எல், உள்ளே சிறிதளவு பாதரசம் இருப்பதால், இப்போது பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் கீழ்ச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு வருகிறது. இந்தச் செய்தியைக் கேட்டவுடன், வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கைக் கழற்றிவிட வேண்டுமா என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. கழற்ற வேண்டியதில்லை. உடன்படிக்கை கட்டுப்படுத்துவது உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும்தான். வாங்கி மாட்டிய விளக்கை அது தொடுவதில்லை.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு வேதித் தொழிற்சாலை வெளியேற்றிய மெத்தில் பாதரசம் மீன்கள் வழியாக மனிதர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. அந்த நோய் 1956இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய உடன்படிக்கை 2013 அக்டோபரில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலில், 30 வாட்டுக்கு மேற்படாத பொதுப் பயன்பாட்டு சிஎஃப்எல் விளக்குகளில் 5 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ளவை மட்டுமே 2020க்குள் நிறுத்தப்பட வேண்டும் என்று இருந்தது. 2022இல் பாலியில் நடந்த உறுப்பு நாடுகளின் கூட்டம், அந்த அளவுக்கு உட்பட்டிருந்தாலும், மின்சுற்று விளக்கோடு இணைந்தே வரும் வழக்கமான சிஎஃப்எல் விளக்குகளுக்கு 2025ஐக் கெடுவாக வைத்தது. 2023இல் ஜெனீவாவில் நடந்த அடுத்த கூட்டம், பிற சிஎஃப்எல் வகைகளையும் பொதுப் பயன்பாட்டு டியூப் லைட்டுகளையும் 2026, 2027 ஆகிய ஆண்டுகளுக்குள் நிறுத்த முடிவு செய்தது. கால நீட்டிப்பு கோரிப் பதிவு செய்துகொள்ளவும் உறுப்பு நாடுகளுக்கு வழி உண்டு என்பதால், எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் கடை அலமாரிகள் காலியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கடைகளில் ஏற்கெனவே இருக்கும் சரக்கை விற்கலாமா என்பதையும் அந்தந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விதி இருக்கிறது. குண்டு பல்பு சந்தையை விட்டுப் போனதற்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை. அதில் பாதரசமே கிடையாது. இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒளியாக்கி, மற்றதை வெப்பமாக வீணடிப்பதால், பல நாடுகளின் ஆற்றல் சிக்கன விதிகள் அதை ஒதுக்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் படிப்படியாக இதைச் செய்தது. அமெரிக்காவில், ஒரு வாட்டுக்குக் குறைந்தது 45 லூமென் ஒளி தராத பொதுப் பயன்பாட்டு விளக்குகளை விற்பதற்கான தடை 2023 ஆகஸ்ட் முதல் முழுமையாகச் செயல்படுத்தப்பட்டது. ஆக, குண்டு பல்பை விலக்கியது சிக்கன விதி. சிஎஃப்எல்லை விலக்குவது நச்சுப்பொருள் விதி.

எதை முதலில் மாற்றுவது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். 60 வாட் குண்டு பல்பு ஒன்று நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 யூனிட் செலவாகும். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 14 வாட் சிஎஃப்எல்லுக்கு 2.1 யூனிட்டும், 9 வாட் எல்இடிக்கு 1.35 யூனிட்டும் ஆகும். குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு மாறினால் மாதம் 7.65 யூனிட் மிச்சமாகிறது. சிஎஃப்எல்லிலிருந்து மாறினால் முக்கால் யூனிட்தான். எனவே நன்றாக எரியும் சிஎஃப்எல்லை அவசரப்பட்டுக் குப்பைக்கு அனுப்புவதில் பெரிய லாபம் இல்லை. நெடுநேரம் எரியும் இடத்தில் குண்டு பல்பு இன்னும் இருந்தால், அதை மாற்றுவதே முதல் வேலை. எப்போதாவது ஒரு நிமிடம் போடும் பரண் விளக்கு எந்த வகையாக இருந்தாலும் மின் கணக்கில் தெரியாது.

சிஎஃப்எல்லின் குறைகள் புதியவை அல்ல. போட்டவுடன் முழு வெளிச்சம் வராது. அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுள் குறையும். ஆகவே குளியலறைக்கு அது என்றைக்குமே பொருந்தாத விளக்கு. பாதரசம் பற்றிய அச்சம் மட்டும் சற்று மிகைப்பட்டது. பழைய கண்ணாடி வெப்பமானியில் இருந்த பாதரசம் சுமார் 500 மில்லிகிராம். விளக்கில் இருப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்கும் குறைவு. நிலக்கரியை எரிக்கும்போதும் பாதரசம் காற்றில் கலப்பதால், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிஎஃப்எல் மொத்தத்தில் பாதரசத்தைக் குறைக்கிறது என்று முன்பு வாதிட்டதில் நியாயம் இருந்தது. பாதரசமே இல்லாத எல்இடி அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் எரியத் தொடங்கிய பிறகு அந்த வாதத்துக்கு வலுவில்லை.

என்றாலும் விளக்கு உடைந்தால் கவனம் தேவை. அறையிலிருந்து அனைவரையும், குறிப்பாகக் குழந்தைகளை, வெளியேற்றி, சன்னலைத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றோட்டம் விட வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதும் வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்துவதும் பாதரசத்தைப் பரப்பிவிடும். சில்லுகளைக் கெட்டி அட்டையால் வாரி, பொடியை ஒட்டும் டேப்பால் எடுத்து, தரையை ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். உடையாமல் எரிந்து முடிந்த விளக்கையும் மற்றக் குப்பையோடு போடாமல், அபாயக் கழிவாகவோ மின்னணுக் கழிவாகவோ பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.

எல்இடி குறையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சிடுவது எளிது. நாளுக்கு 5 மணி நேரம் என்று கணக்கிட்டால் அது பதின்மூன்று ஆண்டுக்கும் மேல். ஆனால் அந்த எண் பெரும்பாலும் ஒளி தரும் சில்லின் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய எடுக்கும் காலத்தையே குறிக்கிறது. நடைமுறையில் முதலில் பழுதாவது, அடிப்பகுதிக்குள் இருக்கும் டிரைவர் எனப்படும் மின்சுற்று, அதிலும் வெப்பம் தாங்காத அதன் மின்தேக்கி. காற்றுப் புகாத கண்ணாடி மூடிக்குள் சாதாரண எல்இடியை மாட்டினால் வெப்பம் வெளியேற வழியின்றி அது விரைவில் செயலிழக்கும். அத்தகைய இடத்துக்கு, மூடிய கூட்டில் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்ட விளக்கையே வாங்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள இடத்துக்கும் அதற்கென்றே குறிப்பிட்ட விளக்கு வேண்டும். இல்லையேல் துடிக்கும், முனகும், சில வேளை எரியவே எரியாது.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால், அது விளக்கின் பழுதாக இல்லாமலும் இருக்கலாம். சுவிட்சில் உள்ள சிறு அடையாள விளக்கின் வழியே கசியும் மின்சாரமே போதும். ஆனால் சுவிட்சை ஃபேஸ் கம்பியில் பொருத்தாமல் நியூட்ரலில் பொருத்தியிருந்தாலும் இவ்வாறே நேரும். அப்படியானால் அணைத்த நிலையிலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும், பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு அதிர்ச்சி தாக்கும். இதைக் கண்டால் மின்பணியாளரை அழைத்துச் சோதிப்பது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை வாட்டைவிட வேறு. வெளிச்சத்தின் அளவு லூமெனில் இருக்கும். 60 வாட் குண்டு பல்புக்கு ஈடாக வேண்டுமென்றால் 800 லூமென் அளவில் பார்க்கலாம். படுக்கையறைக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளி உகந்தது. 6500 கெல்வின் வெண்மை கூர்ந்து பார்க்கும் வேலைக்கு ஏற்கலாம், உறங்கப் போகும் நேரத்துக்கு ஏற்காது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான குறியீட்டெண் 80க்குக் குறையாமல் இருக்க வேண்டும். துணி தைப்பவர்கள் 90க்கு மேல் தேடுவது வீண் செலவல்ல. கைபேசிக் கேமராவில் பார்க்கும்போது பட்டை பட்டையாகக் கோடுகள் அழுத்தமாக ஓடும் விளக்கை, தலைவலி உள்ளவர்கள் தவிர்ப்பது நலம்.

டியூப் லைட்டை மாற்றும்போது மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சில எல்இடி குழல்கள் பழைய சோக்கோடு, ஸ்டார்ட்டருக்குப் பதில் உடன்வரும் துண்டைச் செருகினால் எரியும். சிலவற்றுக்குச் சோக்கை முழுவதும் நீக்கிக் கம்பிகளை மாற்றி இணைக்க வேண்டும். இரண்டாவது வகையில், ஒரே முனையில் மின்சாரம் ஏறுவதும் இரு முனைகளிலும் ஏறுவதும் உண்டு. பெட்டியில் உள்ள இணைப்புப் படத்தைப் பார்க்காமல் மாட்டினால் குழல் கருகிவிடலாம். மாற்றி இணைத்த பட்டியின் மேல், இதில் பழைய குழலை மாட்டக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால், பின்னாளில் ஏணி ஏறுபவர் தவறு செய்ய மாட்டார்.